மெய்க்கீர்த்தியும் ஊர்க்கொடையும்: பல தளங்களுக்கான வரைகலை இயக்கியைச் சி மொழியில் எழுதுதல்

கணினியின் மையச் செயலி கணித்துத் தரும் எண்களைத் திரையில் ஒளிப்புள்ளிகளாக மாற்றும் வேலையைத் தனி வன்பொருள் ஒன்று செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு என்றும் ஜிபியூ என்றும் வழங்கும் அவ்வன்பொருள் புரிந்துகொள்ளும் கட்டளைகள் நிறுவனத்துக்கு நிறுவனமும், ஒரே நிறுவனத்தில் தலைமுறைக்குத் தலைமுறையும் வேறுபடுகின்றன. இயங்குதளம் பொதுவாக இடும் பணிப்பை அந்தக் குறிப்பிட்ட வன்பொருளின் தனிக் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரலே டிரைவர், அதாவது இயக்கி எனப்படுவது. ஒரே இயக்கி விண்டோஸிலும் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும், இன்டெல் வகைச் செயலியிலும் ஆர்ம் செயலியிலும் ரிஸ்க்-ஃபைவ் செயலியிலும் சிறு திருத்தங்களோடு ஓடுமாறு எழுதப்பட்டால் அதனைப் பெயர்த்தகு நிரல் என்று இங்கே குறிக்கலாம். இத்தகைய நிரலில் எது எங்கும் பொதுவாக நிற்க வேண்டும், எது இடத்துக்கேற்ப மாற வேண்டும், இரண்டுக்கும் இடையிலான கோட்டை எங்கே கிழிப்பது, அந்தக் கோட்டைக் கிழிக்கும் உரிமை யாருடையது என்பன இவ்வுரையின் பொருள்.

ஆரணி வட்டாரத்தில் இப்பொருளுக்கு விளக்கம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பட்டுச் சேலையின் கரைக்கோ முந்திக்கோ வரைந்த வடிவம் முதலில் கட்டத்தாளில் ஏறுகிறது. நிறம் பெற்ற கட்டமும் வெறுங்கட்டமுமாக அது பிரிந்த பின், ஊடைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் ஜக்கார்டு அட்டைகளில் துளைகளாக விழுகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி புகுந்து நிற்க, அதனோடு இணைந்த கொக்கி மேலேறிப் பாவு இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிட, இழை கிடந்தபடியே கிடக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் காட்டிய இப்பொறியே கட்டளையைத் துளையாகச் சேமிக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது என்பதைக் கணினி வரலாற்று நூல்கள் தவறாமல் சொல்கின்றன. அவை சொல்லாமல் விடுவது வேறொன்று. 240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டைக்கட்டு 400 கொக்கிப் பெட்டிக்கு உதவாது. கட்டத்தாளில் உள்ள மாங்காயோ அன்னமோ எந்தத் தறிக்கும் பொது. அட்டை ஒரு தறிக்கே உரியது. 1983இல் இங்கிலாந்தின் போனாஸ் நிறுவனம் காட்டிய மின்னணு ஜக்கார்டு அட்டையை நீக்கி மின்காந்தத்தை வைத்தபோதும் இந்தப் பிரிவு மறையவில்லை. ஒரே பிட்மேப் படத்தை ஒவ்வொரு பொறியின் கட்டுப்பாட்டுக் கோப்பாக மாற்றும் வேலை எஞ்சி நின்றது. அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் பெயரளவில் வேறாக இருக்கலாம். செயலளவில் அதுவும் இயக்கியே.

போளூர் – ஆரணிப் பகுதியிலுள்ள திருமலைக் குன்றின் கல்வெட்டு இதே பிரிவை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. கங்கைவரை சென்ற படையெடுப்பு உள்ளிட்ட வெற்றிகளை வரிசையாகக் கூறும் அந்தப் பகுதி அரசவையில் ஒருமுறை இயற்றப்பட்டது. நாடெங்கும் ஊர்தோறும் கல்லில் ஏறியது. அது முடிந்த இடத்தில், குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு வணிகரின் மனைவி அளித்த கொடை தொடங்குகிறது. இப்பகுதி திருமலைக்கு மட்டுமே உரியது. அரசனின் வெற்றி வரிசையைத் திருமலைச் சிற்பி தன் விருப்பப்படி மாற்றக்கூடாது. கொடையாளியின் பெயரை அவையிலிருந்த புலவர் அறிந்திருக்கவும் முடியாது. முதலாம் இராசராசன் காலம் முதல் நிலைபெற்ற இந்த அமைப்பு, பொதுப்பகுதியும் இடப்பகுதியும் ஒரே கல்லில் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதற்கு நல்ல சான்று.

சி மொழியின் வரலாற்றிலும் இந்தப் பிரிவு தொடக்கத்திலேயே வருகிறது. பெல் ஆய்வகத்தில் பிடிபி-11 கணினியில் வளர்ந்த யூனிக்ஸை அதனினும் வேறுபட்ட இன்டர்டேட்டா 8/32 கணினிக்கு 1970களின் பிற்பகுதியில் பெயர்த்தபோது, ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் மொழியைத் திருத்திக்கொண்டே இயங்குதளத்தையும் திருத்தினர். ஆகவே சி மொழி பெயர்ப்புக்கென்றே வகுக்கப்பட்டது என்ற பரவலான கருத்து பாதி உண்மை. பெயர்த்துப் பார்த்து, உடைந்த இடங்களைக் கண்டு, அவற்றுள் சிலவற்றை ஒட்டவைத்து, மற்றவற்றைச் செயலிக்குத் தகுந்தபடி, நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவைத்த மொழி அது. விட்டுவைத்த இடங்களில்தான் இயக்கி எழுதுவோர் இடறி விழுகின்றனர்.

அவ்விடங்களுள் எளிதானது எண்ணின் அகலம். லாங் என்னும் முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட்டாகவும், 64 பிட் விண்டோஸில் 32 பிட்டாகவும் இருக்கிறது. ஒரு நினைவக முகவரியை லாங்கில் இட்டுவைத்த இயக்கி லினக்ஸில் பல ஆண்டுகள் பிழையின்றி ஓடிய பின் விண்டோஸுக்குப் போனதும் முகவரியின் மேற்பாதியை இழக்கும். 1999ஆம் ஆண்டின் சி தரம் அகலம் குறித்த எண் வகைகளை அறிமுகப்படுத்தியதால் இந்தச் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிட்டது. அவற்றைப் பயன்படுத்தாமைக்கு இன்று சோம்பலன்றி வேறு காரணம் சொல்வது கடினம்.

பைட் வரிசை அத்தனை எளிதன்று. நான்கு பைட் கொண்ட எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது பெரிய பகுதியை முதலில் வைப்பதா, சிறிய பகுதியை முதலில் வைப்பதா என்பதில் செயலிகள் இருவகைப்படும். சோழர் கல்வெட்டு இடம் குறிக்கையில் மண்டலத்தைச் சொல்லி, கோட்டத்தைச் சொல்லி, நாட்டைச் சொல்லி, கடைசியில் ஊருக்கு வருகிறது. இன்றைய அஞ்சல் முகவரி வீட்டு எண்ணில் தொடங்கி, தெரு, ஊர், மாவட்டம் என்று வளர்கிறது. இரண்டிலும் செய்தி ஒன்றே, ஆனால் ஒன்றின் வரிசையை எதிர்பார்ப்பவரிடம் மற்றதைக் கொடுத்தால் மாவட்டத்தின் இடத்தில் கதவு எண் நிற்கும். கல்வெட்டு முறையைப் பெருமுனை வரிசை என்றும் அஞ்சல் முறையைச் சிறுமுனை வரிசை என்றும் வழங்கலாம். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிடும் ஸ்விஃப்டின் கதைமாந்தரிடமிருந்து இப்பெயர்களை 1980இல் டேனி கோஹன் எடுத்துக்கொண்டார். கார்டு செருகப்படும் பிசிஐ தடத்தின் மரபு சிறுமுனை. பழைய பவர்பிசி மேக்கின்டாஷ் போன்றவற்றின் செயலி பெருமுனை. ஆதலால் வன்பொருளின் பதிவகத்தை, அதாவது கட்டளை இடுவதற்கென்று அதில் அமைந்த எண் அறைகளை, நேரடிச் சுட்டியால் தொடாமல், வரிசையை மாற்றித் தரும் சிறு செயற்கூறு வழியே தொடுவது லினக்ஸ் இயக்கிகளில் எழுதப்பட்ட விதியாயிற்று.

இதனோடு நெருங்கியது பிட் புலம் பற்றிய சிக்கல். 32 பிட் கொண்ட ஒரு பதிவகத்தில் முதல் நான்கு பிட் ஒன்றையும், அடுத்த பன்னிரண்டு பிட் வேறொன்றையும் குறிக்கும்போது, அவற்றுக்குச் சி மொழியின் பிட் புல வசதியால் பெயரிட்டு எழுதுவது கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அப்புலங்களை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்பதை மொழி கம்பைலரிடமே விட்டுவிட்டது. மீசா என்னும் வரைகலை இயக்கித் திட்டத்தில் இன்டெலுக்கான பழைய நிரலில் இவ்வகைப் புலங்கள் நிறைந்திருந்தன. பின்னாளில் அதே திட்டத்தில் வன்பொருளின் வரையறை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதப்பட்டு, பிட்டுகளை நகர்த்திச் சேர்க்கும் சி நிரலை ஒரு கருவி தானாக உருவாக்கித் தரும் முறை வந்தது. கட்டத்தாளிலிருந்து அட்டையை அடிக்கும் வேலை கையிலிருந்து பொறிக்கு மாறியதற்கு ஒப்பானது இம்மாற்றம். இவ்வகை அலுப்பான வேலைகளில் மனிதக் கையை நம்பாமை நல்ல குணம்.

இயக்கியின் மேற்பாதி பயனர் நிரலாகவும் கீழ்ப்பாதி கெர்னல் என்னும் இயங்குதள மையத்திலும் இயங்குவதால், இரண்டும் பரிமாறிக்கொள்ளும் தரவுக் கட்டமைப்பும் ஒரு கண்ணியாகிறது. 64 பிட் எண்ணை 32 பிட் இன்டெல் நிரல் நான்கு பைட் எல்லையிலும் 64 பிட் நிரல் எட்டு பைட் எல்லையிலும் அமைப்பதால், 64 பிட் கெர்னலின் மேல் ஓடும் பழைய 32 பிட் விளையாட்டு ஒன்று அனுப்பும் கட்டமைப்பில் இடைவெளிகள் வேறாக இருக்கும். சுட்டியையும் 64 பிட் எண்ணாகவே அனுப்புக, இடைவெளிகளைக் கம்பைலரிடம் விடாமல் கைப்பட நிரப்புக என்று லினக்ஸ் ஆவணங்கள் வற்புறுத்துவது, பலமுறை சுட்டுக்கொண்ட விரல்கள் எழுதிய அறிவுரை.

இவை யாவும் எழுத்தில் தெரியும் வேறுபாடுகள். எழுத்தில் தெரியாத வேறுபாடு நினைவக வரிசை. இயக்கி தன் கட்டளைகளை நினைவகத்தில் வட்டமாக அமைந்த ஓர் அடுக்கில் வரிசையாக எழுதிவைத்துவிட்டு, இன்ன இடம்வரை எழுதியாயிற்று என்று ஒரு பதிவகத்தில் குறித்து ஜிபியூவுக்கு அறிவிக்கிறது. நிரலில் முதலில் கட்டளை, பிறகு அறிவிப்பு என்றே எழுதப்பட்டிருக்கும். இன்டெல் வகைச் செயலி எழுத்துகளின் வரிசையைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகியவற்றின் விதிகளோ இரண்டையும் இடம் மாற்ற அனுமதிக்கின்றன. அறிவிப்பு முந்தி, கட்டளை பிந்தினால் ஜிபியூ பழைய குப்பையைக் கட்டளையாக எண்ணிப் படிக்கும். ஜக்கார்டு உருளையில் அட்டை சரியாகப் பதியும் முன்பே மிதியை மிதித்தால் தவறான இழைகள் தூக்கப்படுவதை ஒத்தது இது. ஆனால் தறியில் பிழை உடனே துணியில் தெரிந்துவிடும், இங்கோ ஆயிரத்தில் ஒருமுறை திரை உறையும், காரணம் எங்கும் பதிவாகாது. இரண்டுக்கும் இடையே வேலி எனப்படும் தடுப்புக் கட்டளையை வைப்பதே தீர்வு. அந்த வேலி இல்லாத நிரல் இன்டெல் கணினியில் எத்தனை ஆண்டு சோதித்தாலும் தேறிவிடும் என்பதால், சோதனையில் தேறியது சரியான நிரல் என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் உதவாது.

கேஷ் என்னும் அருகு நினைவகமும் அத்தகையதே. செயலி எழுதியதைத் தன் கேஷில் வைத்துக்கொண்டிருக்கும்போது கார்டு முதன்மை நினைவகத்தைப் படித்தால், பொதுவான மேசைக்கணினியில் வன்பொருளே இரண்டையும் ஒத்திசைத்துவிடும். சிறிய ஆர்ம் பலகைகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரிக்கும் அளவும் இன்டெல் கணினியில் 4 கிலோபைட், பவர் கணினிகள் சிலவற்றில் 64 கிலோபைட். ஜிபியூவின் பக்க அளவும் செயலியின் பக்க அளவும் ஒன்றே என்று ஒருகாலத்தில் எவரோ ஒருவர் கொண்ட எண்ணம் ஒரு மாறிலியின் பெயரில் ஒளிந்துகொண்டு, பத்தாண்டு கழித்து வேறொரு கணினியில் வெளிவரும்.

இத்தனை வேறுபாடுகளையும் கண்ட பொறியாளர்க்கு இயல்பாகத் தோன்றும் வழி, எல்லாவற்றையும் ஓர் இடைப்படலத்தின் அடியில் மறைத்துவிட்டு, அதன் மேல் எங்கும் மாறாத ஒரே நிரலை ஓடவிடுவது. என்விடியா நிறுவனம் நெடுங்காலமாகச் செய்துவருவது இதுவே. இயங்குதளம் எதுவென்று அறியாத பெருங்கரு ஒன்றும், ஒவ்வொரு இயங்குதளத்தோடும் அதனைப் பொருத்தும் மெல்லிய இடைமுகம் ஒன்றுமாக அதன் இயக்கி அமைந்தது; கெர்னல் பகுதியின் மூல நிரல் 2022 மே மாதம் வெளியிடப்பட்டபோதும் அவ்வமைப்பு அப்படியே இருந்தது. பிரையன் பால் 1993இல் தொடங்கிய மீசா திட்டமும், டங்ஸ்டன் கிராபிக்ஸ் நிறுவனம் அதற்காக வகுத்த காலியம் கட்டமைப்பின் வழி, வன்பொருள் அறிந்த பகுதியையும் இயங்குதளம் அறிந்த பகுதியையும் தனித்தனியே பிரித்தது. ஆனால் காலியத்தின் கோடு பல நிறுவனங்களின் இயக்கிகளுக்குப் பொதுவாக, எல்லோரும் கூடிக் கிழித்த கோடு. இந்த வேறுபாடு சிறிதன்று என்பதை ஏஎம்டி நிறுவனத்தின் அனுபவம் காட்டுகிறது.

திரைக்குப் படம் அனுப்பும் பகுதிக்கென்று, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவான நிரலை ஏஎம்டி எழுதி, 2016 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலுக்கு முன்வைத்தது. அதன் அளவு 90,000 வரிகளைத் தாண்டியது. ஏஎம்டியின் தரப்பில் நியாயம் இருந்தது: லினக்ஸுக்கென்று அங்கு இருந்த அணி சிறியது, விண்டோஸில் சோதித்துத் தேர்ந்த நிரலையே பகிர்ந்துகொண்டால்தான் புதிய கார்டு கடைக்கு வரும் நாளிலேயே லினக்ஸிலும் அது ஓடும். ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் வரைகலைப் பகுதியின் பொறுப்பாளர் டேவ் ஏர்லி அதனை ஏற்க மறுத்தார். லினக்ஸ் ஏற்கெனவே கொண்டிருந்த பொதுக் கட்டமைப்புகளுக்கு மாற்றாகத் தனக்கென ஒரு படலத்தை அந்த நிரல் கொண்டுவந்தது என்பதும், ஒரு நிறுவனத்துக்கு இடமளித்தால் ஒவ்வொரு நிறுவனமும் தன் படலத்தோடு வரும் என்பதும், படலத்துக்கு அப்பால் இருப்பதைக் கெர்னலின் பிற பொறியாளர்கள் தொட்டுத் திருத்த முடியாது என்பதும், நாளை நிறுவனம் கைவிட்டால் அதைச் சுமக்கப்போவது சமூகமே என்பதும் அவர் வாதத்தின் சாரம்.

இவ்வழக்கின் மையம் நிரலின் தரம் அன்று. அது பெரிதும் கோடு எங்கே என்பதைப் பற்றியது. ஏஎம்டியின் பார்வையில் மெய்க்கீர்த்தி என்பது தன் வன்பொருள்; லினக்ஸ், விண்டோஸ் என்பன அதனைப் பொறிக்கும் ஊர்க் கற்கள். கெர்னல் பொறுப்பாளரின் பார்வையில் லினக்ஸின் பொதுக் கட்டமைப்பே மெய்க்கீர்த்தி. ஏஎம்டி, இன்டெல், குவால்காம் என்பன அதன்கீழ் வந்துசேரும் தனித்தனிக் கொடைகள். பெயர்த்தகு நிரல் என்ற சொல்லை இருவரும் ஒரே பொருளில்தான் ஆண்டனர். எதன் மேலிருந்து எதற்குப் பெயர்ப்பது என்பதில் எதிரெதிரே நின்றனர். பெயர்த்தகுமை குறித்த பாடநூல்கள் இக்கேள்வியை எழுப்பாமலே விதிகளை அடுக்கிச் செல்வது அவற்றின் பெருங்குறை.

மறுப்புக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டு அந்நிரல் திருத்தப்பட்டது. லினக்ஸில் ஏற்கெனவே இருந்த வசதிகளை மறுபடி செய்த பகுதிகள் களையப்பட்டன. வன்பொருளின் கணக்குகளைச் செய்யும் பகுதி பொதுவாகவே நின்றது. 2017 இறுதியில் 1,30,000 வரிகளுக்கு மேற்பட்ட அளவோடு அது கெர்னலில் சேர்க்கப்பட்டு, 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில் வெளியாயிற்று. அதற்குள் ஏஎம்டியின் வேகா வகைக் கார்டுகள் சந்தைக்கு வந்துவிட்டிருந்தன. கெர்னலின் பொதுப்பதிப்பில் அவற்றுக்குத் திரை வெளியீடு கிடைக்க இந்த இணைப்புவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோட்டைத் தவறான இடத்தில் கிழித்ததற்கான விலையைப் பயனர்களும் செலுத்தினர்.

இதற்கு நேர்மாறான வழி ஒன்றும் உண்டு. லினக்ஸுக்கென்று எழுதிய வரைகலை இயக்கிகளை ஃப்ரீபிஎஸ்டி ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் கெர்னலின் செயற்கூறுகளைப் போன்ற தோற்றம் தரும் ஒட்டு அடுக்கு ஒன்றைத் தன்னுள் எழுதி வைத்திருக்கிறது. இயக்கி எதையும் பெயர்த்துக்கொள்ளாமல் இருக்க, தளமே வேடம் பூணுகிறது. கோட்பாட்டுப் பார்வையில் இது அழகற்றது. ஆள் பலம் குறைந்த திட்டத்துக்கு இதைவிட நடைமுறைக்கு ஏற்ற வழி கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டிலும் இயங்குதளப் பணி பெரிதும் வெளியில் விளைந்ததைத் தொகுத்து வழங்குவதாகவே அமைந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடியாகக் கொண்டது. வரைகலை இயக்கிகள் அதனோடு சேர்ந்தே வந்தன. அப்பணியின் பயனை இது குறைக்காது. எனினும் செயலியையே இங்கு வடிவமைக்கத் தொடங்கிய பின் நிலைமை மாறுகிறது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை அடியாகக் கொண்டு, பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி செயலி 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், பின்னர் மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் சில்லாக வார்க்கப்பட்டு, லினக்ஸையும் ஏற்று ஓடியது. எழுதப்படாத அனுமானம் ஒவ்வொன்றும் இன்டெல் செயலிக்கு வெளியே எங்கே உடைகிறது என்பது இத்தகைய செயலிகளைச் செய்வோருக்கு இனிக் கேட்டறியும் செய்தியாக இராது.

ரிஸ்க்-ஃபைவ் கணினியில் ஏஎம்டியின் புதிய கார்டு ஒன்றைச் செருகியபோது நிகழ்ந்தது அதற்கு உதாரணம். திரைக்கு வேண்டிய அலைவரிசை அகலத்தைக் கணக்கிடும் ஏஎம்டி நிரல் பகுதி வன்பொருள் பொறியாளர்களின் கையிலிருந்து நேரே வந்தது. இதனை வேதவாக்காகக் கொள்க, லினக்ஸின் எழுத்து நடைக்கு ஒத்துவராவிட்டாலும் காரணமின்றித் தொடற்க என்ற கருத்தில் ஒரு குறிப்பும் அக்கோப்பின் தலையில் இருந்தது. அந்தக் கணக்குகளில் மிதவைப்புள்ளி எண்கள், அதாவது தசமப் புள்ளி இடம்பெயரும் எண்கள், பயன்படுகின்றன. கெர்னலுக்குள் அவற்றைப் பயன்படுத்துவது பொதுவாக விலக்கு: பயனர் நிரல் அவ்வெண்களை வைத்திருக்கும் பதிவகங்களைக் கெர்னல் ஒவ்வொரு முறையும் சேமித்து மீட்பதில்லை என்பதால், கெர்னல் அவற்றைத் தொட்டால் பயனரின் கணக்கு கெடும். தொட்டே ஆக வேண்டுமெனில் முன்னும் பின்னும் சேமித்து மீட்கும் செயற்கூறுகளை அழைக்க வேண்டும். அச்செயற்கூறுகளின் பெயரும் முறையும் இன்டெலுக்கு ஒன்று, ஆர்முக்கு ஒன்று, பவருக்கு ஒன்று என்று இருந்தன. விளைவாக ஏஎம்டி நிரலுக்குள்ளேயே இன்ன செயலியானால் இது, இன்னதானால் அது என்று நிபந்தனைகள் ஏணிப்படிபோல் அடுக்கப்பட்டன. அந்த ஏணியில் ரிஸ்க்-ஃபைவுக்குப் படி இல்லாததால் கார்டின் திரைப்பகுதி அச்செயலியில் உயிர்பெறவில்லை.

இன்னொரு படியைச் சேர்த்துவிட்டுப் போவது எளிது. 2024இல் வெளியான லினக்ஸ் 6.10 பதிப்பில் அவ்வாறு செய்யப்படவில்லை. மிதவைப்புள்ளிப் பயன்பாட்டைத் தொடங்குவதற்கும் முடிப்பதற்கும், அது கிடைக்குமா என்று கேட்பதற்கும் எல்லாச் செயலிகளுக்கும் ஒரே பெயர்கள் வகுக்கப்பட்டன. அவற்றுக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு செயலிப் பகுதியும் தன் அடைவில் எழுதிக்கொண்டது. ஏஎம்டி நிரலிலிருந்த ஏணி நீக்கப்பட்டது. வேதவாக்காக வந்த கணக்குகள் ஒரு வரியும் மாறவில்லை. 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் கணினிகளில் அப்பகுதி தொகுக்கப்பட்டு ஓடத் தொடங்கியது.